கொஞ்சம் சிரிங்க!

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, இயற்பியல் துறை, ஊர்: வையம்பட்டி)

கல்லூரியை விட்டுச் செல்லும்போது நாம் கையோடு கொண்டு செல்பவை இரண்டு. ஒன்று பட்டச் சான்றிதழ். மற்றொன்று தோழியரோடும் தோழர்களோடும் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள். சான்றிதழ் நாம் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லும். புகைப்படமோ நாம் யாரோடு இருந்தோம், எப்படி இருந்தோம் என்பதைச் சொல்லும். சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையானால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளலாம். பொய்யாக எடுத்த புகைப்படத்தைத் திருத்தித் தர எந்த அலுவலகமும் இல்லை. ஆகவே, புகைப்படம் எடுத்துக்கொள்வதிலும் சிறிது சிந்தனை வேண்டும் என்பது என் கருத்து.

இடைவேளை மணி அடித்ததும் நம் வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள். மரத்தடியில் ஒரு கூட்டம். கதை பேசி, கேலி செய்து, வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். ஒருவர் கைப்பேசியை உயர்த்துகிறார். அவ்வளவுதான்! சிரிப்பு நின்றுவிடுகிறது. இரண்டு விரல்கள் மேலே எழுகின்றன, உதடுகள் குவிகின்றன, ஒருவர் காலரைத் தூக்கிவிடுகிறார், இன்னொருவர் கன்னத்தில் கை வைக்கிறார். பத்துப் படம் எடுத்தாலும் பத்திலும் ஒரே முகம், ஒரே நிலை. கைப்பேசி கீழே இறங்கியதும் மறுபடியும் பழைய சிரிப்பு. சிரிப்பு இருந்தபோது படம் இல்லை. படம் எடுத்தபோது சிரிப்பு இல்லை! இந்த வேடிக்கை ஏன் நடக்கிறது?

அசையாமல் நின்ற காலம்

இதற்கு விடை காணப் புகைப்படத்தின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும். பிரான்சு நாட்டு டாகேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1839. அதற்கு முந்திய ஆண்டில் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை அவர் மாடியிலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் நடமாடிய தெரு அது. ஆனால் படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது! ஒளியைப் பதிவு செய்யப் பல நிமிடங்கள் பிடித்ததால், நடந்தவர்கள் எவரும் பதிவாகவில்லை. ஒரே ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்றவர் அவர். நின்றவர் நிலைத்தார், நடந்தவர் மறைந்தார். புகைப்படக் கலை மனிதனுக்குக் கற்பித்த முதல் பாடமே 'அசையாதே' என்பதுதான்.

அந்நாளில் உருவப்படம் எடுப்போர், தலை ஆடாமலிருக்கப் பின்புறம் இரும்புக் கவ்வி வைத்தனர். சிரிப்பை அத்தனை நேரம் முகத்தில் தாங்க முடியுமா? முடியாது. ஆகவே முன்னோர் படங்களில் முகங்கள் இறுகிப் போயின. அவர்கள் கடுமையானவர்கள் என்று நாம் எண்ணிக்கொண்டோம்!

நம் திருச்சிக்கும் இதில் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் காட்சிகள் 1858ஆம் ஆண்டில் தொகுப்புகளாக வெளிவந்தன. மலைக்கோட்டையும் கோபுரங்களும் அவருக்கு உகந்த மாதிரிகளாக அமைந்ததில் வியப்பில்லை. கல்லுக்குப் பொறுமை அதிகம் அல்லவா?

பின்னர் ஸ்டூடியோக்கள் வந்தன. பின்னால் திரைச்சீலையில் மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் முக்காலி மேல் பூச்சாடி, நாற்காலியில் கணவர், அருகே கை தொங்கவிட்டு நிற்கும் மனைவி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே வரும் புகைப்படக்காரர், "அசையாதீங்க... கொஞ்சம் சிரிங்க!" என்பார். ஒரே மூச்சில் இரண்டு கட்டளைகள்! அசையாமல் சிரிப்பது எப்படி? திருவிழாக் கடைத்தெருக்களிலோ அட்டையில் செய்த காரும் விமானமும் பிறைநிலாவும் காத்திருக்கும். அவற்றில் ஏறி உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளாத பாட்டன் பாட்டிமார் குறைவு.

அந்தப் படங்களைப் பார்த்து நம்மில் சிலர் நகைக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. வாழ்வில் ஒரு முறையோ இரு முறையோ படமெடுத்துக்கொள்ள வாய்த்தவர்கள் அவர்கள். களை பறித்த கையைக் கழுவி, இருப்பதில் நல்ல சேலையை உடுத்தி, பேருந்தேறி நகரத்துக்குப் போய், காசு கொடுத்து நின்றார்கள். 'நானும் ஒரு மனுஷிதான். என்னையும் பதிந்துகொள்' என்று சொல்லும் நிமிர்வு அந்த விறைப்பில் இருக்கிறது. அது செயற்கையன்று, மரியாதை. அந்த மரியாதையை அறிஞர்களும் உணர்ந்திருக்கிறார்கள். தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணியல் முறையில் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்ட உதவியோடு செய்திருக்கிறது.

மகாகவி பாரதியாருக்கே விரல்விட்டு எண்ணத்தக்க படங்கள்தாம் உண்டு. 1921இல் மறைந்த அந்த மாமனிதரின் முண்டாசையும் மீசையையும் கண்ணொளியையும் இன்றும் நாம் அறிவது அந்தச் சில படங்களால் அன்றோ? கவியரசருக்கே அந்த நிலை என்றால் காடு கழனிகளில் உழைத்தவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் படம், வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அவர் சிரித்த படம் ஒன்றுகூட இல்லை. ஊரையே சிரிக்க வைத்தவர் என்று அம்மாயி சொல்வார். சொல்லத்தான் முடிகிறது; காட்ட முடியவில்லை.

விறைப்புக்கு இன்று காரணம் என்ன?

பிலிம் சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' பிலிமை வாங்கி, ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணி எண்ணி எடுத்தார்கள். ஒரு படம் வீணானால் ஒரு படத்துக்கான காசு வீண். கழுவிக் கொண்டு வரும்வரை யார் கண்ணை மூடினார் என்பதும் தெரியாது. ஆகவே அசையாமல் நிற்பதில் ஒரு நியாயம் இருந்தது.

இன்று அந்த நியாயம் ஒன்றும் இல்லை. ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் படம் பதிவாகிறது. நூறு படம் எடுத்தாலும் செலவில்லை. 'செல்ஃபி' என்ற சொல்லை 2013இல் ஆக்ஸ்போர்டு அகராதியார் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு உலகமே தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டிருக்கிறது. கவ்வி போய்விட்டது, ஆனால் கழுத்து மட்டும் இன்னும் நிமிரவில்லை! பழைய இரும்புக் கவ்வியின் இடத்தில் இன்று இன்ஸ்டாகிராம் இருக்கிறது. எவரோ எங்கோ நின்ற நிலையைப் பார்த்து, வையம்பட்டியிலும் மணப்பாறையிலும் அதே நிலையில் நிற்கிறோம். பாட்டிக்கு விறைப்பு விதித்தது இயந்திரம். நமக்கு விதித்தது யார்? நாமேதான்.

சிரிப்பு எங்கே இருக்கிறது?

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862ஆம் ஆண்டில் முகத் தசைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மின்சாரத்தால் தசைகளைத் தூண்டி, அம்முகங்களைப் புகைப்படம் எடுத்து ஆராய்ந்தவர் அவர். உதட்டோரத்தை மேலே இழுக்கும் கன்னத் தசையை நாம் நினைத்தபோது அசைக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசை உண்மையான மகிழ்ச்சிக்கே எளிதில் இசையும் என்பது அவர் கண்டது. அதனால்தான் மெய்யான சிரிப்பை இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். சிரிப்பு வாயில் தொடங்கினாலும் கண்ணில்தான் கையெழுத்துப் போடுகிறது.

வெள்ளைக்காரர்கள் படமெடுக்கும்போது 'சீஸ்' என்று சொல்லச் சொல்வார்கள். அச்சொல்லின் நெடிய 'ஈ' ஒலி உதட்டை விரிக்கும். மணப்பாறைக்காரர்களான நாம் 'முறுக்கு' என்று சொன்னால் என்னாகும்? உதடு குவிந்து போகும்! 'இட்லி' என்றால் பல் தெரியும். ஆனால் எந்தச் சொல்லும் வாயைத்தான் அசைக்கும்; கண்ணை அசைக்காது. கண்ணை அசைக்க நண்பர் சொல்லும் நகைச்சுவை வேண்டும். முகம் மட்டும் மலர்வதை நட்பென்று கொள்ளாமல் நெஞ்சத்தின் மலர்ச்சியைக் கேட்டவர் வள்ளுவர். நட்புக்கு அவர் வகுத்த இலக்கணமே நண்பர்கள் எடுக்கும் படத்துக்கும் இலக்கணம் என்பேன்.

சிற்பிகள் காட்டிய வழி

இயல்பான நிலை எது என்று கற்க இன்ஸ்டாகிராமைத் தேட வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குப் போங்கள். அங்கே கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. குட்டி தாயோடு ஒட்டிக் கிடக்கிறது. எதுவும் நம்மைப் பார்க்கவில்லை. கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அந்தப் பால் கறவை நிற்கவில்லை!

நம் மலைக்கோட்டை மேற்குடைவரையில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துக் கங்காதரர் சிற்பம் இருக்கிறது. இறங்கி வரும் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமான், உடலைச் சற்றே ஒருபுறம் சாய்த்து, ஒரு காலை உயர்த்தி நிற்கிறார். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. வீரர்கள் விலங்குகளோடு போராடுகிறார்கள். கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டிருக்கிறது. ஆகவே அவற்றைக் கண்ணால் பார்த்து, மனத்தில் பதித்து வாருங்கள்.

இந்தச் சிற்பங்களிலிருந்து நான் கண்ட பாடம் ஒன்று. சிற்பி எவரையும் சும்மா நிற்க விடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தான். வேலை வந்ததும் நிலை தானே வந்தது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரசோன், 1950இல் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர், இதே நெறியைக் கேமராவில் கடைப்பிடித்தார். எவரையும் நிறுத்தி வைக்காமல், நிகழ்வின் உச்சக் கணத்துக்காகக் காத்திருந்தவர் அவர்.

சில யோசனைகள்

ஒன்று: கைக்கு வேலை கொடுங்கள். படத்தில் நம்மைக் காட்டிக்கொடுப்பவை கைகள்தாம். எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கும். ஒரு பொட்டலம் மணப்பாறை முறுக்கை நடுவில் வைத்து, பங்கிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருத்தி மற்றொருத்திக்குப் பூ வைத்துவிடட்டும். ஆய்வுக்கூடப் பதிவேட்டை இருவர் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கட்டும். பிறகு சொடுக்குங்கள்.

இரண்டு: கேமராவைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பாருங்கள். படமெடுப்பவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நம்மில் வகுப்பில் முதலில் தூங்குவது யார்?" என்று கேட்டால் போதும், எல்லாக் கைகளும் ஒருவரை நோக்கி நீளும். அந்தக் கணமே படம்.

மூன்று: நடந்து வாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாயில் வரை தோளில் கை போட்டுக்கொண்டு பேசியபடி வரட்டும். கைப்பேசியில் தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வசதி உண்டு. இருபதில் இரண்டு நன்றாக வரும். அந்த இரண்டு போதும்.

நான்கு: வரிசையை உடையுங்கள். எல்லோரும் ஒரே உயரத்தில் நின்றால் வேலிக்கால் நட்டதுபோல் இருக்கும். படிக்கட்டில் ஒருவர் உட்காரட்டும், ஒருவர் மேல்படியில் சாயட்டும், ஒருவர் நிற்கட்டும். தலைகள் மேலும் கீழுமாக அமைந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

ஐந்து: சூரியனை மதியுங்கள். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். கண் குழிந்து தெரியும். காலை ஏழு முதல் எட்டரை, மாலை நாலரைக்கு மேல் ஒளி சாய்ந்து வரும். நடுப்பகல்தான் வாய்க்கிறது என்றால் மரநிழலின் விளிம்புக்கு வாருங்கள். எதிரே வெள்ளைச் சுவரோ விரித்த வெள்ளை வேட்டியோ இருந்தால் அதில் தெறிக்கும் ஒளி முகத்தை நிரப்பும்.

ஆறு: இரண்டடி பின்னால் போங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஏறத்தாழ 12 செ.மீ. தூரம் என்று கொள்வோம். கேமரா 30 செ.மீ.யில் இருந்தால் காது 42 செ.மீ.யில் இருக்கும்; காதைக் காட்டிலும் மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதியும். 150 செ.மீ. தள்ளிப் போனால் அந்த வேறுபாடு 8 விழுக்காடாகக் குறையும். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறதே என்று வருந்தும் தோழியரே, குற்றம் மூக்கில் இல்லை, தூரத்தில் இருக்கிறது!

ஏழு: கண் சிமிட்டலைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒருவர் நிமிடத்துக்கு 15 முறை சிமிட்டுகிறார், ஒரு சிமிட்டலுக்கு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 60 நொடியில் 3 நொடி கண் மூடியிருக்கும். அதாவது 5 விழுக்காடு. பத்துப் பேர் நின்றால் எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடுதான். நாற்பது பேர் என்றால் 13 விழுக்காடாகக் குறையும். வகுப்புக் குழுப் படத்தில் யாராவது ஒருவர் தூங்குவதுபோல் இருப்பதன் மர்மம் இதுவே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்வென்சன், பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்கிட்டு 2006இல் 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசு பெற்றனர். நல்ல வெளிச்சத்தில், 20 பேருக்குக் குறைந்த கூட்டமானால், தலைக் கணக்கை மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கையில் படமெடுங்கள் என்பது அவர்கள் தந்த எளிய விதி. பன்னிரண்டு பேருக்கு நான்கு படம்.

எட்டு: கோபுரத்தோடு போட்டியிடாதீர்கள். ஸ்ரீரங்கம் இராஜகோபுரம், 1987இல் குடமுழுக்குக் கண்டது, சுமார் 236 அடி உயரம். அதன் அடியில் நண்பர்களை நிறுத்தி முழுக் கோபுரத்தையும் எடுத்தால் நண்பர்கள் எறும்பாவார்கள். கோபுரம் தூரத்தில் தெரியும்படி தள்ளி வந்து, நண்பர்களைக் கேமராவுக்கு அருகில் நிறுத்துங்கள். கோபுரமும் இருக்கும், முகமும் இருக்கும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

திருச்சி - திண்டுக்கல் இரயில் பாதை எங்கள் ஊர் வழியாகச் செல்கிறது. நீண்ட தண்டவாளம் படத்துக்கு அழகான பின்னணிதான். ஆனால் வரும் இரயிலின் வேகத்தைக் கண் சரியாக மதிப்பிடாது. நேர் எதிரே வரும் பொருள் முதலில் மெல்லப் பெரிதாவதுபோல் தோன்றி, கடைசி நொடிகளில்தான் பூதமாக வளரும். அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடமாடுவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றமும் ஆகும். பொன்னணியாறு அணைக்கும் முக்கொம்புக்கும் போவோர், நீர் விளிம்புப் பாறையில் முதுகைக் காட்டி நிற்க வேண்டாம். படத்தைப் பார்க்க நாம் இருக்க வேண்டாமா?

படத்தில் இல்லாதவர்கள்

இனி, என் மனத்தை உறுத்தும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நிறம். படமெடுத்த மறுநொடியே முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைத் தட்டுகிறோம். வெயிலில் கடலை பறித்த கறுப்பு, தாயும் தந்தையும் தந்த கறுப்பு, ஒரு தட்டலில் மறைந்துபோகிறது. கூடவே கண்ணோரச் சுருக்கமும் மறைகிறது. மெய்யான சிரிப்பு கையெழுத்துப் போட்ட இடம் அதுதானே! நிறம் குறைந்தவள் என்று ஒரு தோழியை ஓரத்தில் நிற்கச் சொல்வதும், "நீயே எடும்மா" என்று அவள் கையில் கைப்பேசியைத் திணிப்பதும் நம் வகுப்புகளில் நடக்கவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? மூன்று ஆண்டுகள் எல்லோரையும் படமெடுத்துவிட்டு எந்தப் படத்திலும் இல்லாமல் வெளியேறும் ஒருத்தி ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இத்தனைக்கும் பத்து நொடி காத்திருந்து தானே படமெடுக்கும் வசதி எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. சுவரோரம் இரண்டு புத்தகத்தை அடுக்கிச் சாய்த்து வைத்தால் அவளும் ஓடி வந்து சேர்ந்துகொள்ளலாம். அவள் ஓடி வந்து சேரும் அந்தப் பதற்றத்தில் எல்லோரும் சிரிப்பார்களே, அதைவிட இயல்பான படம் வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, இசைவு. ஒரு மாணவியின் படம் அவள் அறியாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால் என்ன நடக்கும் என்பதை நகரத்தார் அறியமாட்டார்கள்; நாங்கள் அறிவோம். அது தவறான படமாக இருக்க வேண்டியதில்லை. சக மாணவர்கள் நடுவே சிரித்துக்கொண்டு நிற்கும் படமாக இருந்தாலே போதும். ஊரில் யாரோ ஒருவர் பார்ப்பார், பெரியப்பாவிடம் சொல்வார், "இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினியா?" என்று அப்பாவைக் கேட்பார்கள். கேள்வி அப்பாவுக்கு, தண்டனை மகளுக்கு. கைப்பேசி பறிபோகும், அடுத்து பேருந்துப் பயணம் நிற்கும், அதற்கடுத்துப் படிப்பு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளின் பட்டம், எவரோ விளையாட்டாகப் போட்ட ஒரு படத்தில் தொங்குகிறது.

இதற்குப் பெண்கள் படமே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் தீர்வா? ஒருபோதும் ஆகாது. அப்படியானால் தாத்தாவைப் போல் நாங்களும் அடையாள அட்டையில் மட்டும் எஞ்ச வேண்டியதுதான். படமெடுக்கும் முன் ஒரு கேள்வி, வெளியிடும் முன் இன்னொரு கேள்வி: "எடுக்கலாமா? போடலாமா?" இரண்டுக்கும் தனித்தனியே விடை பெற வேண்டும். முதலாவதற்குச் சரி என்றவர் இரண்டாவதற்கு வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிட வேண்டும். இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கும் நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதுதான் ஒரு பெண் கண்ணாலும் சிரிப்பாள். எப்போது எங்கே போய்ச் சேருமோ என்று அஞ்சுகிறவளிடம் இயல்பை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? இயல்பான படத்துக்கு முதல் தேவை நல்ல வெளிச்சமன்று, நம்பிக்கை.

மறுப்போர்க்கு ஒரு சொல்

'இயல்பு என்கிறாய், அதற்கு எட்டு யோசனையும் சொல்கிறாய். திட்டமிட்டு வருவது இயல்பாகுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். வையம்பட்டி வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை எங்கள் கையில் இல்லை. ஆனால் மழைக்கு முன்னே உழுது வைப்பது எங்கள் கையில் இருக்கிறது. உழாத நிலத்தில் பெய்த மழை ஓடிப்போகும். உழுத நிலத்தில் இறங்கி நிற்கும். சிரிப்பும் அப்படித்தான். அதை வரவழைக்க முடியாது. வந்தால் தங்குவதற்கு இடம் செய்து வைக்கலாம். ஒளி பார்ப்பதும் கைக்கு வேலை கொடுப்பதும் அந்த உழவே தவிர வேறில்லை.

'படமெடுப்பதிலேயே பொழுதெல்லாம் போகிறதே' என்போர்க்கும் என் விடை இதுவே. ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கச் சொல்லவில்லை. நூறு எடுத்தால் ஒன்றையும் மறுபடி பார்க்கமாட்டோம். பத்து எடுத்து, நல்லது இரண்டை வைத்து, மற்றவற்றை அழித்துவிட்டு, கைப்பேசியைப் பையில் போட்டுப் பேச உட்காருங்கள்.

ஆண்டு மலருக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஆண்டு மலரில் துறைதோறும் குழுப் படம் வருகிறது. முன்வரிசை நாற்காலிகளில் பேராசிரியப் பெருமக்கள். பின்னே பெஞ்சில் ஏறி நிற்கும் மாணவர்கள். அந்தப் படம் இருக்கட்டும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு துறைக்கும் இயல்பான படம் ஒன்றையும் வெளியிட வேண்டும் என்று மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ஊசலின் ஆட்டத்தை எண்ணுகையில் எண்ணிக்கை தவறி விழிக்கும் முகம், நூலகத்தில் ஒரே புத்தகத்துக்குள் நுழைந்த மூன்று தலைகள், உணவு இடைவேளையில் ஏழு கைகள் நீளும் ஒரே டிபன் பாக்ஸ், இவையும் நம் கல்லூரிதான். ஆய்வுக்கூட உதவியாளர், வாயில் காவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரும் அப்படங்களில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத கல்லூரியை நாம் ஒரு நாளும் பார்த்ததில்லையே!

இன்னொன்று: படத்தின் கீழே அனைவர் பெயரையும் நாளையும் அச்சிட வேண்டும். அழகான பழைய படங்கள் எத்தனையோ, இருப்பவர் யாரென்று சொல்ல ஆளில்லாமல் ஊமையாகக் கிடக்கின்றன. வீட்டிலும் வசதிப்பட்ட அளவில் ஆண்டுக்கு ஒரு படத்தையாவது தாளில் அச்சிட்டு, பின்புறம் பேனாவால் பெயர் எழுதி வையுங்கள். கைப்பேசி பழுதாகும், கடவுச்சொல் மறந்துபோகும், தாள் தங்கும். முதலில் அச்சிட வேண்டியது உங்கள் அம்மாயியோ அப்பத்தாவோ சிரிக்கும் படமாக இருக்கட்டும். அவர்களுக்கு அருகே உட்கார்ந்து பழைய கதை ஒன்றைக் கேளுங்கள், கதை பாதியில் சிரிப்பு வரும், அப்போது சொடுக்குங்கள்.

தோழியரே, தோழர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. நம் முன்னோர்க்குக் கிடைக்காத எழுத்து நமக்குக் கிடைத்தது; அவர்களுக்குக் கிடைக்காத படமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுத்தில் பொய் எழுதமாட்டோம் என்று உறுதி கொண்டிருக்கும் நாம், படத்திலும் பொய் முகம் காட்ட வேண்டாம். நம் நிறத்தோடு, நம் ஊர் மண்ணோடு, ஒருவரையும் ஓரத்தில் ஒதுக்காமல், கேட்டு எடுப்போம், கேட்டுப் போடுவோம், கண்ணால் சிரிப்போம். நாளை நம் பேரப்பிள்ளைகள் அந்தப் படங்களைக் கையில் எடுத்தால், 'இவர்கள் இப்படித்தான் இருந்தார்கள்' என்று நம்பிச் சொல்லட்டும்.